திருட்டுப்போன தட்டும் இறந்துபோன ஆசிரியனும்

வளர்ந்துவரும் எலெக்ட்ரானிக் தயாரிப்பாளர் ஒருவர் புதிய ஹவுஸ் தட்டு வெளியிட்டிருக்கிறார் என்கிற மாதிரியான செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கேட்டுப் பார்த்தால் புதிதென்று சொல்ல எதுவும் அகப்படாது. நிமிடத்துக்கு 120 சொச்சம் அடிகள்; ஒவ்வோர் அடிக்கும் தவறாமல் விழுகிற கனத்த முரசொலி; இரண்டு அடிகளுக்கு நடுவில் சிணுங்குகிற தாளத் தகடு; அதற்கடியில் சுற்றிச் சுற்றி வருகிற நாலைந்து ஸ்வரங்கள். 'எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே' என்று எழுந்து போகிறவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த 'ஒரே மாதிரி'க்கு ஒரு வரலாறு உண்டு. நம் சிற்றிதழ்களில் வெகு உற்சாகமாகப் பேசப்பட்ட ஒரு கருத்தாக்கத்தை அது சங்கடத்தில் மாட்டிவிடுகிறது. ஆசிரியனின் மரணத்தைத்தான் சொல்கிறேன்.

ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது 1984 ஜனவரியில் சிகாகோவில் வெளிவந்த 'ஆன் அண்ட் ஆன்'. செய்தவர் ஜெஸ்ஸி சாண்டர்ஸ், 21 வயது. பிளேகிரவுண்ட் என்ற நடனக்கூடத்தில் டிஜே, அதாவது தட்டுகளை இடைவெளி விழாமல் ஒன்றோடொன்று கோத்துப் போடுகிறவர். மாக் என்ற பெயரில் 1980இல் வந்த ஒரு தட்டு அவரிடம் இருந்தது. அதன் பெயரும் 'ஆன் அண்ட் ஆன்'தான். முறையான வெளியீடு கிடையாது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆஸ்திரேலியப் பாட்டின் பேஸ் வரியையும் வேறு டிஸ்கோ பாடல்களின் துண்டுகளையும் யாரையும் கேட்காமல் ஒட்டிச் செய்தது. சாண்டர்ஸுக்கு அது அடையாள முத்திரை மாதிரி. ஒருநாள் கூடத்திலிருந்த அவருடைய தட்டுகள் களவு போயின; இதுவும் போயிற்று. கடைக்குப் போய் வாங்க முடியாத சரக்கு. சரி, நாமே செய்துவிடுவோம் என்று ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 தாளக்கருவியையும் ஒரு சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு அந்தச் சுழலைத் திரும்ப உண்டாக்கினார். நண்பர் வின்ஸ் லாரன்ஸ் கூடச் சேர்ந்து எழுதினார்.

ஆக, திருட்டுத் தட்டு திருட்டுப்போனதால் பிறந்த தட்டு இது. பிரதிக்குப் பின்னால் அதைப் படைத்த ஒற்றை மூலவன் என்று யாரும் இல்லை என ரொலாண் பார்த் 1967இல் எழுதியதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் இலக்கியத்தில் கிடைக்காது. கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம். வின்ஸ் லாரன்ஸின் கதை விடமாட்டேன் என்கிறது.

அதற்கு ஐந்து வருஷம் முந்திப் போகவேண்டும். 1979 ஜூலை 12, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோவுக்கு எதிராக ஒரு விழா அறிவித்திருந்தார். டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் அந்தத் தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். ஏறக்குறைய 50,000 பேர் கூட்டம். மைதானத்துக்குள் இறங்கி நாசம் செய்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன்தான் வின்ஸ் லாரன்ஸ். சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். ஜனங்கள் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் கிடந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இனவெறி எல்லாம் இல்லை என்று டால் மறுத்தே வந்திருக்கிறார். அந்தப் பையன் பார்த்தது அவர் பார்த்ததாக இருக்க வேண்டியதில்லை.

டிஸ்கோவைப் பெரிய கம்பெனிகள் கைவிட்டன. ஆடுகிறவர்கள் கைவிடவில்லை. சிகாகோ ஜெபர்சன் தெரு 206ஆம் எண் கட்டிடத்தில் 1977 முதல் இயங்கிய வேர்ஹவுஸ் கூடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இனத் தன்பாலீர்ப்பு ஆண்கள். வெளியில் இரண்டு வகையிலும் வேண்டாதவர்கள். அங்கே தட்டுப் போட்ட ஃபிராங்கி நக்கிள்ஸ், புதுத் தட்டுகளின் வரத்து குறைந்தபோது பழைய பாட்டின் தாளப் பகுதியை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார். பிறகு தாள எந்திரத்தைச் சேர்த்துக்கொண்டார். வேர்ஹவுஸில் போடுகிற மாதிரி தட்டு என்று கடைகளில் கேட்கப்போய்த்தான் 'ஹவுஸ்' என்ற பெயரே வந்தது என்பார்கள். ஹவுஸை டிஸ்கோவின் பழிவாங்கல் என்று நக்கிள்ஸ் சொன்னதாகச் சொல்வதுண்டு. வசீகரமான சொல்தான். எனக்கு அது காசு இல்லாதவர்களின் கைவேலையாகவே படுகிறது.

எந்திரம் மட்டும் இசையை உண்டாக்கிவிடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1982இல் பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் அதே டிஆர்-808ஐயும், ரோலண்டின் இன்னொரு கருவியான டிபி-303ஐயும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டாக்கினார். யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்ததும் மேற்கில் சிலர் 'ஹவுஸுக்கு முந்திய ஹவுஸ்' என்று குதித்தார்கள். ஒலி ஒத்துப்போகிறது, மறுக்கவில்லை. ஆனால் சிங்குக்குக் கருவி இருந்தது, கூடம் இல்லை.

சிகாகோவுக்குத் திரும்புவோம். சாண்டர்ஸின் தட்டை அச்சடித்த ஆலை லாரி ஷெர்மனுடையது. விற்கும் என்று தெரிந்ததும் அவர் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். விற்காத பழைய தட்டுகளை அரைத்து உருக்கி அதிலேயே புதுத் தட்டு வார்ப்பார்கள். அதனால் டிராக்ஸ் தட்டென்றால் இரைச்சல் கூடவே வரும். 1986இல் லாரி ஹேர்டின் 'கேன் யூ ஃபீல் இட்' இந்தக் கம்பெனியில்தான் வந்தது. எந்திரத்தால் இவ்வளவு தனிமையைப் பேச முடியுமா என்று கேட்க வைக்கிற தட்டு. உலகமெங்கும் போடப்பட்டது. ராயல்டி மட்டும் வந்து சேரவில்லை என்று சொல்லி ஹேர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் 2020இல் வழக்குத் தொடர்ந்தார்கள். ஷெர்மன் அதே வருஷம் இறந்துபோனார். 2022இல் சமரசமாகி உரிமைகள் இருவருக்கும் திரும்பின. அதே வருஷம் மார்ஷல் ஜெபர்சன் உள்ளிட்ட பலர் தனியாக வழக்குப் போட்டார்கள்.

இங்கேதான் நம் கருத்தாக்கம் மாட்டிக்கொள்கிறது. நடனக்கூடத்து இருட்டில் யார் செய்த தட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை, உறையில் படம் இல்லை, பெயர்கள் புனைபெயர்கள். ஆசிரியன் அங்கே நிஜமாகவே இறந்திருந்தான். அந்த மரணத்தில் ஆடுகிறவர்களுக்கு விடுதலை கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் அதே இருட்டு கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கும் சௌகரியமாக இருந்தது. பிரதியில் செத்தவனை ஒப்பந்தத்திலும் சாகடித்துவிட முடிந்தது. பார்த் கொல்ல நினைத்தது பிரதிக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் படைத்த ஆசிரியனை. பெயரே ஒழுங்காக அச்சாகாத ஒருவனுக்கு அந்த அதிகாரம் எப்போது இருந்தது, இழப்பதற்கு? இதைக் கேட்டால், பழைய மூலவன் கதையாடலுக்கே திரும்புகிறாய் என்பார்கள். ஹேர்ட் கேட்டது புனித மூலவன் பட்டத்தை இல்லையே, பாக்கியைத்தானே.

சாண்டர்ஸ் எடுத்ததற்கும் ஷெர்மன்மீது சொல்லப்படுவதற்கும் என்ன வித்தியாசம் என்று வாதிடுவோரும் உண்டு. ஒருவர் எடுத்ததிலிருந்து இன்னொரு தட்டு வந்தது. அதிலிருந்து நூறு வந்தன. இன்னொரு பக்கம் எடுத்தது எடுத்த இடத்திலேயே தங்கிவிட்டது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'காரர்களுக்குச் சாண்டர்ஸ் ஏதும் கடன்பட்டிருக்கிறாரா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் நினைக்கிறேன்.

ஜெபர்சன் தெருக் கட்டிடத்தை 2023இல் சிகாகோ நகர மன்றம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. நக்கிள்ஸ் 2014இலேயே போய்விட்டார்.