காத்திருந்த நாளுக்கு யார் வட்டி கட்டுவது?

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாகக் குவிந்த காலத்தில், அங்குள்ள வணிகரை அதிகம் அலைக்கழித்தது பணம் வந்து சேரும் நாள்தான். மலையிலிருந்து மிளகு கொண்டுவருபவருக்கு அன்றைக்கே ரொக்கம் வேண்டும். அதை வாங்கும் பம்பாய்க்காரரிடமிருந்தோ டெல்லிக்காரரிடமிருந்தோ பணம் வரக் காலம் பிடிக்கும். இந்த இடைவெளியில் யாரோ ஒருவருடைய முதல் முடங்கிக் கிடந்தாக வேண்டும். முடங்கிய முதலுக்கு வட்டி உண்டு. அதை யார் கட்டுவது என்ற கேள்விக்கு இந்தக் கடைத்தெரு இரண்டு காலங்களில் இரண்டு விதமாகப் பதில் கண்டது. உண்டியல் காலத்தில் காத்திருப்பின் விலையை முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டார்கள். வங்கிக் காசோலை வந்த பின் அது யாரும் வாய்விட்டுப் பேசாத விலையாகி, பணத்துக்கு உரியவர் தலையிலேயே விழுந்தது. காசோலைத் தாமதத்தின் மீதும் மிகைப்பற்றுக் கட்டணத்தின் மீதும் இன்றும் மூளும் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

குஜராத்திகளும் கச்சி மேமன்களும் கொங்கணிகளும் தமிழரும் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்த ஊர் மட்டாஞ்சேரி. மேற்குக் கரை வணிகத்தில் பணம் பெரும்பாலும், இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று வணிகர் எழுதித் தரும் உண்டியல் சீட்டாகவே பயணம் செய்தது. காட்டியவுடன் பணம் தரவேண்டிய சீட்டு தர்சனி. குறித்த தவணை கழிந்து தரவேண்டியது முத்ததி. முத்ததியைத் தவணைக்கு முன்பே பணமாக்க நினைத்தால் ஷராஃப் என்ற உள்ளூர் வட்டிக்கடைக்காரர் வட்டம் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். எத்தனை நாள், என்ன வட்டம் என்பது சீட்டு கைமாறும்போதே இருவருக்கும் தெரியும். கடல் வணிகத்துக்கென்று ஜோக்மி உண்டியல் என ஒன்று இருந்தது. கப்பலில் ஏற்றிய சரக்கு பத்திரமாகக் கரை சேர்ந்தால்தான் அதற்குப் பணம். கப்பல் மூழ்கினால் சீட்டு வாங்கியவருக்குத்தான் நட்டம். அந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் விலை பேசியிருப்பார்கள். சீட்டு வழியில் தொலைந்துபோனால் பைட் என்ற மறுபிரதி உண்டு. அதுவும் தொலைந்தால் பர்பைட் என்ற மூன்றாம் பிரதி. பணம் தர மறுக்கப்பட்ட உண்டியலுக்கு இவ்வளவு ஈடு என்று வழக்கமே வகுத்து வைத்திருந்தது. இந்த வழக்கங்களைச் சட்டமும் மதித்தது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், கீழை மொழிகளில் எழுதப்பட்ட சீட்டுகளுக்கான உள்ளூர் வழக்கத்தில் தலையிடவில்லை என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. அந்தச் சட்டமும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கொச்சிக் கோட்டைக்குத்தான் அன்று நேரடியாகப் பொருந்தியது. அதை ஒட்டிக் கிடந்த மட்டாஞ்சேரி, கொச்சி மகாராஜாவின் சீமை. அங்கே கடைத்தெருவின் நாணயமே பெரிய சட்டமாக இருந்தது.

இதைச் சொன்னால், பழைய முறையைப் பொற்காலமாக்குகிறீர்கள் என்பார்கள். உண்டியலின் நம்பிக்கை சாதி, குடும்பம், ஊர் என்ற வேலிக்குள் நின்றது உண்மை. வேலிக்கு வெளியே இருந்த சிறு வியாபாரிக்கும் விவசாயிக்கும் கடன் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வட்டி கழுத்தை நெரிக்கும். முன்பின் தெரியாதவரும் கணக்கு தொடங்கலாம் என்று கதவைத் திறந்தது வங்கிதான். அந்தப் பெருமையை அதனிடமிருந்து பறிக்க முடியாது. உண்டியல் மலிவாக இருந்தது என்பதல்ல என் வாதம். அதில் காலத்தின் விலை இருதரப்புக்கும் முன்பே தெரிந்திருந்தது. வங்கி அதை மறைத்தது.

எப்படி மறைத்தது என்பதற்கு வெளியூர்க் காசோலையின் பழைய பயணம் ஒன்றே போதும். டெல்லி காரி பாவ்லி சந்தையின் மிளகு வியாபாரி தன் ஊர் வங்கியின் காசோலையைத் தபாலில் அனுப்புகிறார். மட்டாஞ்சேரிக்காரர் அதைத் தன் கிளையில் போடுகிறார். கிளைக் குமாஸ்தா முத்திரை குத்தி, ‘கலெக்‌ஷன்’ பதிவேட்டில் ஏற்றி, மறுபடியும் தபாலில் டெல்லிக்கே அனுப்புகிறார். அங்கே அது கிளியரிங் போய், வாங்கியவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. அதன் பிறகு தகவல் தெற்கே திரும்பி வந்தால்தான் இங்கே வரவு. பற்றுக்கும் வரவுக்கும் நடுவில் இருந்த நாட்களில் அந்தப் பணம் வாங்கியவருடையதும் இல்லை, விற்றவருடையதும் இல்லை. வங்கிகளின் கையில் இருந்தது. அதே நாட்களில் மலைக்காரருக்குக் கொடுக்க விற்றவர் மிகைப்பற்று எடுக்கிறார், அதற்கு வட்டி கட்டுகிறார், வசூல் கமிஷனும் கட்டுகிறார். சொந்தப் பணம் வரும்வரை கடன் வாங்கிக் காலம் தள்ளுகிறார். மிகைப்பற்று எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்தால் இந்த அநியாயம் இன்னும் உறைக்கும். 1728இல் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, எடின்பரோ வணிகர் வில்லியம் ஹாக் தம் கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள அனுமதித்தது. அவருக்கு வரவேண்டியதும் அவர் கொடுக்கவேண்டியதும் ஒரே நாளில் அமையவில்லை என்பதே காரணம். வணிகத்தின் தாமதத்தைத் தாண்ட உதவிய அந்த ஏற்பாட்டிலேயே, வங்கிகள் உண்டாக்கிய தாமதத்துக்கும் வட்டி வசூலானது.

வங்கித் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும், இருப்பைப் பார்க்க வேண்டும், மோசடியைத் தடுக்க வேண்டும். கேரளத்துக்கு இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். 1960 ஆகஸ்டில் பாலை சென்ட்ரல் வங்கி இழுத்து மூடப்பட்டபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. ஆனால் எச்சரிக்கை வேறு, சுணக்கம் வேறு. டெல்லியில் பற்று எழுதியபோதே சரிபார்ப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பின் கழிந்த நாட்களுக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியாது. வற்புறுத்தியபோதெல்லாம் நாட்கள் குறைந்தன என்பதுதான் வரலாறு. தாமதமான வசூலுக்கு வட்டி தரவேண்டும் என்று, வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய்ந்த கோய்போரியா குழு 1991இல் சொன்னது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம், வெளியூர்க் காசோலைகளுக்கு ஊரைப் பொறுத்து 7, 10, 14 நாட்கள் என்று உச்சவரம்பு விதித்தது. மீறினால் வட்டி தரச் சொன்னது. அதே ஆண்டு டெல்லியில் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பும் முறை தொடங்கியது. 2011இல் அது சென்னைக்கு வந்தது. கொச்சியின் காசோலைகளும் சென்னையை மையமாகக் கொண்ட தென்மண்டல வலையில் சேர்ந்தன. வாரங்கள் ஒரு நாளாகச் சுருங்கின.

இவை எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 2025 அக்டோபர் 4 அன்று வந்தது. ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி, பணம் தரவேண்டிய வங்கி, காசோலை வந்த அன்றே இரவு 7 மணிக்குள் ஆம், இல்லை என்று பதில் சொல்லாவிட்டால் காசோலையை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். தொடக்க வாரங்களில் தடங்கல்கள் வந்து காசோலைகள் தேங்கின, புகார்கள் குவிந்தன; அதை வைத்து விதியைக் குறை சொல்வது சரியில்லை. வங்கியின் மௌனத்துக்கு வாடிக்கையாளர் வட்டி கட்டிவந்த வழக்கத்தை அது தலைகீழாக்கியிருக்கிறது. யுபிஐயும் ஆர்டிஜிஎஸ்ஸும் வந்த பிறகு காசோலையைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். பின்தேதியிட்ட காசோலையை வாங்கிக்கொண்டு கடனுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரம் இன்னும் இருக்கிறது. வாடகை முன்பணமும் கடன் தவணையும் இன்னும் காசோலையில் நடக்கின்றன. அங்கெல்லாம் ஒரு நாள் தாமதம் ஒரு நாள் மிகைப்பற்று வட்டிதான்.

விதி பாதி வழிதான் வந்திருக்கிறது. தாமதத்துக்கு ஈடு தரும் கொள்கையை ஒவ்வொரு வங்கியும் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் காசோலை வங்கிகளுக்கு நடுவில் சிக்கிய நாட்களில் வாடிக்கையாளர் கணக்கில் ஏறிய மிகைப்பற்று வட்டியும், அதனால் திரும்பிய வேறு காசோலைகளுக்கான அபராதமும் கேட்காமலே திரும்பி வருவதில்லை. கேட்டு, எழுதி, அலைந்து வாங்கவேண்டியிருக்கிறது. காசோலை போட்ட நேரமும் வரவான நேரமும் வங்கியின் கணினியிலேயே பதிவாகியிருக்கும்போது, அந்த வட்டியைத் தானாகவே திருப்பி எழுத ஒரு நிரல் போதும். ரிசர்வ் வங்கி அடுத்துப் போடவேண்டிய உத்தரவு அதுதான்.