ஒல்லாந்தர் போன பின்பு

1975ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20ஆம் திகதி ஸ்பெயின் தேசத்துச் சர்வாதிகாரி பிராங்கோ உயிர் துறந்தார். 1939இல் உள்நாட்டுப் போர் முடிந்தது முதல் முப்பத்தாறு ஆண்டுகளாக அவர் வாய்ச்சொல்லே அந்நாட்டுக்குச் சட்டமாயிருந்தது. கத்தோலிக்க சமயம் அரசாங்கத்தின் சமயம். விவாகரத்து என்பது கிடையாது. அவருடைய ஆட்சியின் பெரும்பகுதியில், கோயிலுக்கு வெளியே மணம் பதிவு செய்ய விரும்பியவர் தாம் கத்தோலிக்கர் அல்லர் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவர் மறைந்த மூன்றாம் ஆண்டிலேயே, 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரசுக்கென ஒரு சமயம் இல்லை என்று விதித்துவிட்டது. 1981இல் விவாகரத்துச் சட்டம் வந்தது. 2005இல் ஒரே பாலார் மணம் புரிவதையும் சட்டம் அங்கீகரித்தது. இன்று அந்நாட்டில் நடைபெறும் திருமணங்களுட் பெரும்பாலானவை கோயில் வாசலை மிதிப்பதில்லை. நேற்று வரை முழந்தாளிட்டிருந்த சனங்கள் இவர்கள்தாமா என்று வெளிநாட்டார் மூக்கில் விரல் வைத்தனர்.

கொழும்பில் வாழும் நமக்கு அவ்வியப்பு வேண்டியதில்லை. இதை ஒத்த நிகழ்ச்சியொன்று நம்முடைய கொட்டாஞ்சேனைத் தெருக்களிலேயே இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்து முடிந்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே சர்வாதிகாரியாக வீற்றிருந்தது ஒரு மனிதனன்று. ஒரு வியாபாரக் கம்பனி.

1656ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, கறுவாவை எவ்வளவு கண்டிப்பாகத் தன் உரிமையாக்கிக்கொண்டதோ அவ்வளவு கண்டிப்பாகவே மக்களின் சமயத்தையும் தன் பொறுப்பாக்கிக்கொண்டது. கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று 1658இல் பறையறைந்தது. ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்தது. அப்பள்ளிக்கூடம் இன்றைய பாடசாலை போன்றதன்று. பிள்ளைகளுக்கு வினாவிடை கற்பித்த வாத்தியாரே ஊராரின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிலே பதிந்தார். பிள்ளையை அனுப்பாத பெற்றோர் குற்றப்பணம் இறுத்தனர். ஞானஸ்நானம் பெறாதவனுக்குச் சட்டப்படி விவாகமில்லை. விவாகமில்லாதவனுடைய பிள்ளைக்கு ஆதன உரிமை ஐயத்துக்குரியது. உத்தியோகமோ கனவிலும் இல்லை. இப்படிக் காணியையும் கலியாணத்தையும் ஒரே ஏட்டில் கட்டிவைத்தால், எந்தக் குடியானவன்தான் தண்ணீருக்குத் தலை நீட்டாதிருப்பான்? அக்காலத் தோம்புகள் இன்றும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலே பேணப்பட்டு வருகின்றன. பெயர் பெயராக எழுதப்பட்ட அந்த ஏடுகளைப் பார்ப்பவன், இலங்கையின் கரையோரம் முழுவதுமே சீர்திருத்தக் கிறிஸ்தவ நாடாக மாறிவிட்டதென்றே எண்ணுவான்.

ஏடு ஒன்று, வீடு வேறொன்று. கொங்கணி பேசும் பிராமணக் குலத்திற் பிறந்த யோசவாஸ் அடிகளார் 1687இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கீசரின் கோவாவிலிருந்து, ஏழைக் கூலியாளைப் போல வேடந்தாங்கி யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். தமிழும் சிங்களமும் கற்றார். இராக்காலங்களிலே வீடுகளுக்குள் பூசை நடத்தினார். கண்டிக்குப் போனபோது ஒற்றனென்று ஐயுற்றுச் சிறையிலிட்டார்கள். பின்னர் அந்தப் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குப் புகலிடமும் அளித்தான். கொழும்புக்குள்ளும் அவர் மாறுவேடத்தில் வந்துபோனார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். கத்தோலிக்கர் உயிர் பிழைக்க அடைக்கலம் தந்தது ஒரு பௌத்த அரசு என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயிலைப் பற்றிய ஐதிகமும் அந்த நாட்களையே சுட்டுகிறது. ஒல்லாந்தருக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்னும் குருவை மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்றும், கடலரிப்பை நிறுத்தித் தரும்படி அவர்கள் வேண்ட, அவர் மணலிலே சிலுவை நாட்டி வேண்டுதல் செய்ததும் கடல் பின்வாங்கியது என்றும் சொல்வர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்புக்கு இலக்கானது இதே கோயில்தான்.

ஒல்லாந்தர் தம் சமயத்தின் பெருமை தோன்ற எடுத்த வுல்பெண்டால் கோயிலோ மேட்டின்மீது கம்பீரமாக நிற்கிறது. 1749இல் அத்திவாரமிட்டு 1757இல் முடித்தனர். சுவர்களின் கனத்தைப் பார்த்தால், இதைக் கட்டியவர்கள் ஒருநாளும் போவதாக எண்ணவில்லை என்பது விளங்கும். ஆயினும் கட்டி முடித்து நாற்பது ஆண்டு நிறையவில்லை; 1796ஆம் ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

அடுத்து நடந்ததே நமது பொருள். ஆங்கிலேயர் தொடக்கத்தில் எடுத்த கணக்குகளில், கரையோர மாகாணங்களிலே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சுதேசப் புரட்டஸ்தாந்தர் இருந்தனர். கட்டாயம் தளர்ந்தது, குற்றப்பணம் நின்றது, வாத்தியார்மாருக்குச் சம்பளமும் ஒழுங்காகப் போகவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த இலட்சங்கள் வெயிலிற் பனிபோல மறைந்தன. 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த புக்கானன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஒல்லாந்தர் கட்டிய பெரிய கோயில்கள் பாழாய்க் கிடப்பதைக் கண்டு வருந்தி எழுதினார். அவர் வருந்தியதிற் குறையில்லை. ஆனால் அங்கே ஒரு சமயம் அழிந்தது என்று அவர் எண்ணியதுதான் பிழை. அழிந்தது ஒரு பதிவேடு. திருநீற்றை வீட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அதை நெற்றியில் இட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள், அவ்வளவே.

அதே 1806ஆம் ஆண்டு, தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் அனைத்தையும் நீக்கிச் சட்டம் பிறப்பித்தார். கல்கிசையிலே கடலோரம் மாளிகை எடுத்துக்கொண்டாரே, அந்த மெயிற்லண்ட்தான். அவரைப் பெரிய தர்மவான் என்று புகழ நான் முற்படவில்லை. குடிகளிற் பெருந்தொகையினரைக் காரணமின்றிப் பகைப்பது ஆட்சிக்கு நட்டம் என்பதை அறிந்த இராணுவத்தார் அவர். எவ்வாறாயினும், இங்கிலாந்திலேயே கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருக்க, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் இருபத்துமூன்று ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள். முன்னர்ச் சிறு ஆலயமாயிருந்த இடத்திலே, அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்கவிகை எழுந்தது. 1850களில் பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில் சிவாலயம் எடுத்தார். அதனை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையில் கருங்கற்றளியாகப் புதுக்கினார். அதுவே பொன்னம்பலவாணேசர் ஆலயம்.

பழக்கமோ சட்டத்தைப் போல ஒரே நாளில் மாறுவதன்று. பௌத்த வீடுகளிற்கூடப் பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயர் சூட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. பிற்காலத்தில் அநகாரிக தர்மபால என்று உலகறிந்தவர், 1864இற் புறக்கோட்டையிலே பிறந்தபோது பெற்ற பெயர் தொன் டேவிட். கொட்டாஞ்சேனையிற் கத்தோலிக்கப் பள்ளியிலும், அக்காலத்தில் முகத்துவாரத்திலிருந்த புனித தோமஸ் கல்லூரியிலும் அவர் படித்தார். இதனை எவரும் விபரீதமாக நினைக்கவில்லை, 1883 வரை.

அவ்வாண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையில் விழா. அவ்விகாரை, பத்தாண்டுகளுக்கு முன் பாணந்துறை வாதத்திலே கிறிஸ்தவப் போதகர்களை எதிர்த்து வாதாடிய மிகெட்டுவத்தே குணானந்த தேரருடையது. அங்கே காணிக்கை கொண்டுசென்ற பௌத்தர்களின் ஊர்வலத்தைக் கத்தோலிக்கக் கூட்டமொன்று புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையிலே மறித்துத் தாக்கிற்று. இரத்தம் சிந்தியது. ஒரு காலத்தில் மன்னன் விமலதர்மசூரியனின் நிழலில் ஒதுங்கி நின்றவர்களின் வழிவந்தவர்கள் இதைச் செய்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கூசுகிறது. ஒல்லாந்தரின் கீழ் ஒளிந்து வாழ்ந்தபோது அவர்கள் அடுத்த வீட்டாரோடு தெருவைப் பங்கிடும் தேவையே எழவில்லை; தெரு கம்பனிக்கு உரியதாயிருந்தது. தேசாதிபதியின் சட்டம் கோயிற் கதவைத் திறந்துவிட்டதே தவிர, கதவுக்கு வெளியே நிற்பவனோடு எப்படி வாழ்வது என்பதை எழுதி வைக்கவில்லை.

தாக்கியவர்கள் தண்டிக்கப்படாமை பௌத்தர்களின் பெரும் மனக்குறையாயிற்று. டேவிட்டின் தந்தையார் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார். கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டனுக்குச் சென்று குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். அதன் பின்பே 1885இல் வெசாக் பூரணை அரசாங்க விடுமுறையாயிற்று. 1806இலிருந்து கணக்கிட்டால் எழுபத்தொன்பது ஆண்டுகள்.

ஸ்பெயினிலும் சட்டங்கள் விரைந்தன. கணக்குத் தீர்ப்பது தாமதித்தது. 1977ஆம் ஆண்டின் பொது மன்னிப்புச் சட்டம் பழைய குற்றங்களை மூடிவைத்தது. கூட்டுப் புதைகுழிகளில் தந்தையரைத் தேடிய பிள்ளைகளுக்கு உதவ ஒரு சட்டம் வந்தது 2007இல். அப்போது அந்தப் பிள்ளைகள் முதியோராகிவிட்டனர். பிராங்கோவின் உடலை அரச நினைவாலயத்திலிருந்து அகற்றியது 2019இல்.

தீபதுத்தாராமய விகாரையில் 1885ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி, அவ்வாண்டு வெசாக் தினத்தன்று, குணானந்த தேரர் பௌத்தக் கொடியை முதன்முறையாக ஏற்றினார். அங்கிருந்து லூசியாள் பேராலயத்துக்கும், வுல்பெண்டால் மேட்டுக்கும், பொன்னம்பலவாணேசர் கோபுரத்துக்கும் நடந்தே போய்விடலாம்.