முழங்கால் மூட்டு நோய்: 'தேய்மானம்' என்னும் கருத்தின் வரலாறு

முன்னுரை

நடுவயது கடந்த தமிழரிடையே முழங்கால் வலியைப் பற்றிய பேச்சு எழுந்தால், 'மூட்டுத் தேய்ந்துவிட்டது' என்னும் தொடர் தவறாமல் இடம்பெறும். மருத்துவர் சிலரும் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களும் 'மூட்டுத் தேய்மானம்' என்றே எழுதுகின்றனர். தேய்மானம் என்பது நகைக்கும் இயந்திரத்துக்கும் உரிய சொல். கணக்கியலிலும் அதற்கு இடமுண்டு. புழங்கப் புழங்கக் குறைவதும், குறைந்தது மீளாததும் அச்சொல்லின் உட்கிடக்கை. எனவே மூட்டுத் தேய்ந்தது என்று கேட்டவர், இனி நடந்தால் மேலும் தேயும் என்று கருதி நடையைக் குறைப்பது இயல்பே. இச்சொல் சுட்டும் கருத்து எவ்வாறு தோன்றியது, மருத்துவ அறிவு அதனை எவ்வாறு கடந்து வந்தது என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பிரியாத காலம்

தமிழ் மருத்துவ மரபு வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் மிகுதி குறைவுகளால் நோய் தோன்றுவதாகக் கொண்டது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் இக்கொள்கையை ஏற்றே தொடங்குகிறது. மூட்டு நோய்களைச் சித்த மருத்துவம் 'கீல்வாயு' என வழங்கியது. கீல் என்பது மூட்டு. வாயு என்பது வளி. மேலைநாட்டிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. 'ருமாட்டிசம்' என்னும் சொல்லின் கிரேக்க வேர் 'ஒழுகுதல்' என்று பொருள்படும். உடலில் ஒழுகும் நீர்மம் மூட்டில் தங்கி வலி தருவதாக அவர்கள் கருதினர். இவ்விரு மரபுகளிலும் மூட்டு நோய், உடல் முழுவதற்கும் உரிய குறைபாட்டின் வெளிப்பாடாகவே கருதப்பட்டது. இதனைக் கொண்டு இன்றைய அறிவியலை முன்னோர் அன்றே கண்டறிந்தனர் என முடிவு கட்டுவது வரலாற்று முறையாகாது. ஆயினும், தேய்தல் என்னும் உருவகம் அவர்களுடைய விளக்கத்தில் மையமாக இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1743ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடற்கூற்றியல் அறிஞர் வில்லியம் ஹண்டர் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்னும் கருத்தை அவர் அதில் பதிவு செய்தார். அக்கருத்து இன்றளவும் பெரிதும் நிலைபெற்றுள்ளது. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1802இல் வெளிவந்த நூல், விரல் மூட்டுகளில் தோன்றும் சிறு முடிச்சுகளைக் 'கவுட்' என்னும் நோயினின்றும் வேறுபடுத்திக் காட்டியது. ஒன்றெனக் கருதப்பட்ட மூட்டு நோய்கள் பலவாகப் பிரியத் தொடங்கியமைக்கு இது சான்றாகும்.

தேய்மானக் கருத்தின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்னும் பெயர் இங்கிலாந்தில் வழக்கிற்கு வந்தது. ஆனால் அது தொடக்கத்தில் இன்றைய பொருளில் வழங்கவில்லை. 1907இல் ஆர்ச்சிபால்டு கேரோட் இந்நோயை முடக்குவாதத்தினின்றும் தெளிவாகப் பிரித்தார். 1909இல் போஸ்டனைச் சேர்ந்த நிக்கல்ஸ், ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் மூட்டுத் திசுக்களை ஆராய்ந்து, நோய்களைப் 'பெருக்க வகை', 'சிதைவு வகை' என இரண்டாக வகுத்தனர். நாம் இங்குப் பேசும் நோய் சிதைவு வகையில் அடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ஃபிரீட்ரிக் ஃபன் முல்லர், இதில் அழற்சி இல்லை என்று கருதி, அழற்சியைக் குறிக்கும் ஈற்றை நீக்கி 'ஆர்த்ரோசிஸ்' என்னும் சொல்லை முன்வைத்தார். ஜெர்மன் மொழியில் இன்றும் அவ்வழிவந்த பெயரே வழங்குகிறது. நோயின் பெயரீறு ஒரு கொள்கைப் பூசலின் களமாக இருந்தது என்பதை இங்கு மொழி ஆசிரியர்கள் கருத வேண்டும்.

1895இல் கண்டறியப்பட்ட ஊடுகதிர், தேய்மானக் கருத்துக்குக் கண்கண்ட சான்றாக அமைந்தது. குருத்தெலும்பு ஊடுகதிர்ப் படத்தில் தெரியாது. இரு எலும்புகளுக்கும் இடையேயான வெளி குறுகுவது மட்டுமே தெரியும். குறுகிய வெளியைக் கண்டவர் 'தேய்ந்துவிட்டது' என்றனர். 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் ஆகியோர் இப்படங்களைச் சுழி முதல் நான்கு வரையிலான படிநிலைகளாக வகுத்தனர். அம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எனினும் படத்தின் படிநிலையும் நோயாளியின் வலியும் பலரிடம் ஒத்துச் செல்வதில்லை. படத்தில் மிகுந்த மாற்றம் உடையவர் வலியின்றி நடப்பதும், சிறு மாற்றம் உடையவர் பெரிதும் துன்புறுவதும் உண்டு. தேய்மானம் மட்டுமே நோயாயின் இம்முரண்பாட்டுக்கு விளக்கம் இல்லை.

அறுவை மருத்துவத்தின் பாதை

தேய்ந்த உறுப்பை மாற்றலாம் என்பது இயந்திர உருவகத்தின் இயல்பான நீட்சி. 1890இல் பெர்லினில் தெமிஸ்டோகிளிஸ் குளுக், காசநோயால் அழிந்த முழங்கால் மூட்டுக்கு மாற்றாகத் தந்தத்தாலான கீலைப் பொருத்தினார். கிருமித் தொற்றால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1968இல் கனடாவைச் சேர்ந்த ஃபிராங்க் கன்ஸ்டன் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், வெறும் கீலாக அன்றி முழங்காலின் இயல்பான அசைவைத் தழுவிய செயற்கை மூட்டை உருவாக்கினார். 1974 முதல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவர்தம் குழுவினரும் பயன்படுத்திய வடிவமே இன்றைய மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு அடிப்படை. முற்றிய நோயால் நடக்கவியலாதோர் பலருக்கு இச்சிகிச்சை மறுவாழ்வு அளித்துள்ளது என்பதில் ஐயமில்லை.

அகநோக்கி அறுவையின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது. 1918இல் டோக்கியோவில் கென்ஜி தக்காகி, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்காலுள் நோக்கினார். அவர்வழி வந்த மசாக்கி வத்தனாபே 1950களின் இறுதியில் அக்கருவியைச் செம்மைப்படுத்தினார். பின்னர், தேய்ந்த மூட்டைக் கழுவித் துப்புரவு செய்யும் முறை உலகெங்கும் பரவியது. 2002இல் வெளிவந்த ஹூஸ்டன் ஆய்வு இதனைச் சோதித்தது. 180 நோயாளிகளுள் ஒரு சாராருக்கு மூட்டுக் கழுவப்பட்டது. ஒரு சாராருக்குத் துப்புரவு செய்யப்பட்டது. எஞ்சியோருக்குத் தோலில் கீறல் மட்டும் இட்டு அறுவை செய்ததாகப் பாவனை செய்யப்பட்டது. ஈராண்டுக்குப் பின்னும் மூன்று சாராரிடையே வலியில் வேறுபாடு காணப்படவில்லை. இயந்திரத்தைத் துடைப்பது போல் மூட்டைத் துடைக்கலாம் என்னும் எண்ணம் இதனால் தளர்ந்தது.

உருவகம் தளர்ந்த காலம்

குருத்தெலும்பு உயிரற்ற உறையன்று. அதனுள் உயிரணுக்கள் வாழ்கின்றன. அதற்கு இரத்த நாளமும் இல்லை, நரம்பும் இல்லை. கால் ஊன்றும்போது அமுங்கியும் தூக்கும்போது விரிந்தும், சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே அளவான அசைவு அதற்கு உணவாகிறது. நோயுற்ற மூட்டில் குருத்தெலும்பு மட்டுமன்றி, அடியிலுள்ள எலும்பு, மூட்டுறை, தசை ஆகியனவும் பாதிப்புறுகின்றன. மென்மையான அழற்சியும் உண்டு. முல்லர் நீக்கிய ஈறு ஒரு வகையில் மீண்டும் பொருளுடையதாகிவிட்டது.

உடல் எடையின் பங்கும் இதனைத் தெளிவாக்கும். 1992இல் வெளிவந்த பிரேமிங்காம் ஆய்வு, பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 5 கிலோ எடை குறைந்த பெண்களிடம் முழங்கால் நோய் தோன்றும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்ததைக் காட்டியது. ஆனால் எடை மிகுந்தோருக்கு உடலைத் தாங்காத விரல் மூட்டுகளிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. சுமை ஒரு காரணமே; உடலின் வேதியியல் மற்றொரு காரணம்.

2017இல் இயன் வாலஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்து இறந்தோரின் எலும்புக்கூடுகளை அவர்கள் ஒப்பிட்டனர். வரலாற்றுக்கு முற்பட்டோரில் 8 விழுக்காட்டினரிடமும், தொடக்கத் தொழிற்காலத்தோரில் 6 விழுக்காட்டினரிடமும், அண்மைக் காலத்தோரில் 16 விழுக்காட்டினரிடமும் இந்நோயின் தடயம் காணப்பட்டது. வயதையும் எடையையும் கணக்கில் கொண்ட பின்னும் இவ்வுயர்வு மறையவில்லை. மிகுதியாக நடந்து உழைத்த முன்னோரிடம் நோய் குறைவாகவும், அமர்ந்து வாழும் நம் காலத்தில் மிகுதியாகவும் இருப்பின், பயன்பாடே தேய்க்கிறது என்னும் கருத்து எவ்வாறு நிற்கும்?

இன்றைய சிகிச்சை நெறிகள் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, நோய் பற்றிய தெளிவு ஆகியவற்றை முதற்படியாக வைக்கின்றன. பயிற்சியால் விளையும் வலிக்குறைவு பெரிதன்று என்பதை அண்மைய தொகுப்பாய்வுகள் ஒப்புகின்றன. எனினும் அதன் தீங்கு மிகச் சிறிது. வலி நீக்கும் மாத்திரைகளுக்கோ இரைப்பை, சிறுநீரகம், இதயம் ஆகியன விலை கொடுக்க நேரலாம். உடற்பருமன் உடையோரிடம் எடை குறைக்கும் செமாகுளூடைடு மருந்து முழங்கால் வலியையும் குறைத்ததை 2024இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இழந்த குருத்தெலும்பை முழுமையாக மீட்கும் மருந்து இதுவரை இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தேய்மானம் என்பது ஒரு காலக்கட்டத்தின் விளக்கமேயன்றி நோயின் இயல்பு அன்று என்பது புலனாகும். அது முற்றிலும் பொய்யன்று; குருத்தெலும்பு குறைவது உண்மை. ஆனால் அக்குறைவின் காரணத்தை அச்சொல் தவறாகச் சுட்டுகிறது. நடக்க வேண்டியவரை நாற்காலியில் அமர்த்துகிறது. 'கீல்வாதம்' பல நோய்களுக்கும் பொதுவாக வழங்குவதால் மயக்கம் தரும். 'மூட்டழற்சி' ஒரு கூற்றை மட்டும் மிகைப்படுத்தும். 'என்புமூட்டு நோய்' என்பது காரணம் எதனையும் முன்கூட்டித் தீர்மானிக்காது, நோயின் இடத்தை மட்டும் குறிப்பதால் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. கலைச்சொல்லாக்கம் அகராதியோடு முடிந்துவிடும் பணியன்று. வகுப்பறையிலும் மருத்துவக் கையேட்டிலும் நாம் தெரிந்தெடுக்கும் ஒரு சொல், ஒருவர் நாளை காலை நடப்பதா வேண்டாவா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். அப்பொறுப்பு மருத்துவரைப் போன்றே தமிழாசிரியருக்கும் உண்டு.