விளையாட்டுக் குரல் உரையாடலின் ஒலித்தரம்

இணையவழி விளையாட்டில் ஓர் அணியினர் ஆடிக்கொண்டே பேசிக்கொள்வதற்கான மென்பொருள்கள் 1990களின் இறுதியில் ரோஜர் வில்கோ வழியாகப் பரவத் தொடங்கின. டீம்ஸ்பீக், வென்ட்ரிலோ, மம்பிள் ஆகியவை பின்னர் வந்தன. 2015இல் வெளியான டிஸ்கார்டு இன்று பெருவழக்கில் உள்ளது. குரல் கரகரத்தால் பழி முதலில் மென்பொருள் மேல் விழும். பெரும்பாலும் அது நியாயமான பழி அல்ல.

இன்றைய மென்பொருள்கள் பலவும் குரலைச் சுருக்கி அனுப்ப ஓபஸ் என்னும் குறிமுறையையே பயன்படுத்துகின்றன. ஸ்கைப்பின் சில்க், ஸிஃப் அமைப்பின் செல்ட் என்னும் இரண்டையும் இணைத்து உருவான இது, 2012 செப்டம்பரில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. நொடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை இயங்கும். டிஸ்கார்டு குரல் தடத்தின் இயல்பு அளவு 64 கிலோபிட். குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கு 160 பைட்டுதான். பேச்சுக்கு இதுவே தாராளம். இதை 96 ஆக உயர்த்திவிட்டுத் தெளிவு கூடியதாக நினைப்பவர்கள் பலர். கேட்பவருக்கு வேறுபாடு தெரிவது அரிது.

தரம் உண்மையில் கெடுவது மைக்கில். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டித்தால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ, மின்விசிறி இரைச்சலோ அப்படிக் குறையாது. மென்பொருளில் ஒலியளவைக் கூட்டினால் குரலோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறும். ஆகவே மடிக்கணினியில் பதிந்த மைக்கைவிட, வாயருகே இரண்டு மூன்று விரற்கடைத் தூரத்தில் நிற்கும் மலிவான ஹெட்செட் மைக் மேல். அதை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாகத் தள்ளி வைத்தால் ‘ப’கரத்தின் மூச்சுக்காற்று மைக்கில் அறையாது.

புளூடூத் ஹெட்செட் தனிச் சிக்கல். இசை கேட்கும்போது அது ஏ2டிபி என்னும் ஒருவழித் தடத்தில் உயர்தர ஸ்டீரியோ தருகிறது. மைக்கைத் திறந்த நொடியில், தொலைபேசிப் பேச்சுக்கென அமைந்த இருவழித் தடத்துக்கு மாறிவிடுகிறது. அங்கே மாதிரி வீதம் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. 8 கிலோஹெர்ட்ஸில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியே மிஞ்சாது, ‘ஸ’கரம் மழுங்கிப்போகும். கேட்கும் ஒலியும் அதோடு மோனோவாகச் சுருங்குவதால், எதிரியின் காலடி இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தெரியாது. புளூடூத்தின் புதிய எல்இ ஆடியோ இக்குறையைத் தணிக்கிறது, ஆனால் கணினி, ஹெட்செட் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். கையிலுள்ள எளிய மருந்து, புளூடூத்தில் கேட்டுக்கொண்டே கம்பி மைக்கில் பேசுவது.

வலையமைப்பில் வேகத்தைவிடச் சீர்மை முக்கியம். குரலைச் சுமக்கும் தரவுப் பொதிகள் முன்பின்னாக வந்தாலோ தொலைந்தாலோ குரல் எந்திரத்தனமாக நெளியும். வீட்டில் ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டிருந்தால் ரவுட்டரில் வரிசை நீண்டு இதுவே நேரும். வைஃபையை விட்டுக் கம்பிக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும்.

இரைச்சல் நீக்கி, எதிரொலி நீக்கி, தானியங்கி ஒலிச்சீராக்கி என அமைப்புகள் பல உண்டு. விசைப்பலகை ஓசையை அடக்க இரைச்சல் நீக்கி வல்லது, ஆனால் மெல்லப் பேசுபவரின் சொற்கடைகளையும் சேர்த்தே விழுங்கும். சத்தமான அறையில் விசையை அழுத்திப் பேசும் முறைக்கு ஈடில்லை. விண்டோஸில் இன்னொரு பொறி: பேச்சுத்தொடர்பு நடப்பதாக அது உணர்ந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு தாழ்த்துவதே அதன் இயல்பு அமைப்பு. விளையாட்டின் ஒலி திடீரென அடங்கினால் ஒலி அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம்.

தன் மைக்கின் குறை பேசுபவர் காதில் விழுவதில்லை. குழுவினரும் சொல்லக் கூச்சப்பட்டு ஒலியளவைக் குறைத்துக்கொள்வார்கள். டிஸ்கார்டின் குரல் அமைப்புகளில் மைக் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திப் பேசினால் தன் குரல் தன் காதுக்கே திரும்பி வரும்.