பிரம்பும் வேதமும்



'பிரம்பைத் தவிர்த்தால் பிள்ளை கெடும்' என்பது பைபிள் வாக்கு என்றே பயிற்சிக் கல்லூரி நாள்களில் நானும் நம்பியிருந்தேன். உண்மையில், ஆங்கிலத்தில் வழங்கும் அத்தொடர் 17-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் இயற்றிய 'ஹூடிபிராஸ்' என்னும் நையாண்டிக் காவியத்தில் வருவது. எனினும் கருத்து பழையது. மகனைத் தண்டிக்கத் தயங்குபவன் அவனை நேசிப்பவன் அல்லன் என்பது நீதிமொழிகள் 13-ஆம் அதிகாரத்தின் பொருள். மரபு அந்நூலைச் சாலமோன் மன்னருக்கு உரியதாக்குகிறது. அவர் மகன் ரெகொபெயாமோ, தந்தையினும் கடுமையாகத் தண்டிப்பேன் என்று குடிமக்களை மிரட்டி, நாட்டின் பெரும்பகுதியை இழந்தான். பிரம்பின் பெருமை பேசுவோர் இக்கதையை ஏனோ சொல்வதில்லை! (நம்மவருக்கு வேதமும் தேவைப்படவில்லை, 'அடியாத மாடு படியாது' என்பதே போதுமாயிருந்தது.)

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லிக்கு அவர் தாயார் சுசன்னா 1732-இல் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. பிள்ளையின் தன்விருப்பத்தை முதலில் வென்றடக்க வேண்டும், சமயக் கல்விக்கு அதுவே அடித்தளம் என்பது அவர் கொள்கை. ஒரு வயதளவிலேயே பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சவும், ஓசையின்றி அழவும் பழக்கப்பட்டனர். அவர் கொடியவர் அல்லர். பிள்ளைகளின் ஆன்மாவைக் காப்பதாகவே நம்பினார். ஆயினும், அடி ஆன்ம மீட்பாகக் கருதப்படும்போது அதற்கு எல்லை வகுப்பவர் யார்? பிள்ளை பணியும்வரை நிறுத்துவதே பாவமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் மைக்கேல் பெர்ல், டெபி பெர்ல் தம்பதியர் 1994-இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், பைபிளைச் சான்று காட்டி, அடிப்பதற்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் பரிந்துரைத்தது. 2010-இல் கலிபோர்னியாவில், லைபீரியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி அத்தகைய குழாயால் மணிக்கணக்கில் அடிக்கப்பட்டு இறந்தாள். அந்நூல் அவ்வீட்டில் இருந்தது. பெற்றோர் 2011-இல் சிறை சென்றனர். தங்கள் போதனை இதற்குக் காரணமன்று என நூலாசிரியர்கள் மறுத்தனர். அச்சிறுமி செய்த குற்றம், வாசிக்கையில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தது! என் வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் எத்தனை சொற்கள் அவ்வாறு பிறழ்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுப்புக் குரலும் அதே சமயச் சூழலிலிருந்துதான் எழுந்தது. சுவீடனின் சிறுவர் இலக்கிய எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன், 1978-இல் ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசைப் பெற்றபோது, தமக்கு ஒரு முதிய பெண்மணி கூறிய நிகழ்ச்சியைச் சொன்னார். இளந்தாயாக இருந்தபோது அம்மையார், பிரம்பின்றிப் பிள்ளை வளராது என்ற போதனையை மனத்தால் ஏற்கவில்லை. எனினும் ஒருநாள், தவறு செய்த மகனைக் குச்சி தேடி வரச் சொன்னார். நெடுநேரம் கழித்து அழுதபடி திரும்பிய சிறுவன், "குச்சி கிடைக்கவில்லை அம்மா, இந்தக் கல்லை என்மீது எறியுங்கள்" என்னும் பொருள்படக் கூறி ஒரு கல்லை நீட்டினானாம்.

அடுத்த ஆண்டே, 1979-இல், பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் தடைசெய்த முதல் நாடாயிற்று சுவீடன். அந்தத் தாயோ மகனை அணைத்து அழுதபின், கல்லைச் சமையலறை அலமாரியில், நாள்தோறும் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டார்.