எண்ணூர் முகத்துவாரமும் இறாலின் பிறப்பும்

வடசென்னையில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே முகத்துவாரக்குப்பம் என்ற மீனவர் ஊர் உள்ளது. அங்குள்ள கழியில் பிடிபடும் வெள்ளை இறால் அந்தக் கழியில் பிறந்ததன்று. கடலில் பிறந்து, முகத்துவாரம் வழியாக உள்ளே வந்தது. இந்த உண்மையை அறிவியல் கண்டறிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

சிக்கலுக்குக் காரணம், ஓட்டுடலிகளின் குஞ்சு தாயைப்போல் இருப்பதில்லை. நண்டின் இளவுயிரியான சோயியாவை அக்கால இயற்கையியலாளர்கள் தனியொரு விலங்கென்றே கருதினர். 1820களில் அயர்லாந்தில் பணியாற்றிய படை மருத்துவர் ஜான் வாகன் தாம்சன், அது நண்டின் இளம்பருவமே என்று காட்டினார். எளிதில் எவரும் நம்பவில்லை. 1860களில் பிரேசிலில் இருந்த ஃபிரிட்ஸ் முல்லர், இறாலின் முதல் இளவுயிரி நாப்ளியஸ் என்பதைக் கண்டார். சென்னைக் கடலின் பத்துக்கால் ஓட்டுடலிகளின் இளவுயிரிகளை 1930களில் விவரித்தவர் எம். கிருஷ்ண மேனன் (அரசியல்வாதி அல்லர், விலங்கியலாளர்). அவர் கட்டுரைகளை வெளியிட்டது சென்னை அரசு அருங்காட்சியகம். அதே காலத்தில் ஜப்பானில் ஹுடினாகா, இறாலைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தார். இன்றைய இறால் குஞ்சுப் பொரிப்பகங்களின் தொடக்கம் அதுவே.

நண்டு முட்டைகளை வயிற்று மடலில் ஒட்டவைத்துச் சுமக்கும். காசிமேட்டில் நண்டு வாங்குவோர் இரண்டைக் குழப்பிக்கொள்வதுண்டு: ஓட்டுக்குள் இருக்கும் சிவந்த சினை கருவுறாதது, வெளியே ஒட்டியுள்ள முட்டைத்திரளில் இருப்பவை கருக்கள். அத்திரள் முதலில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். கருவுணவு குறைந்து, கருவின் கண்ணில் நிறமி படியப் படியக் கறுத்துவரும்.

வெள்ளை இறால் முட்டையைச் சுமப்பதில்லை. ஆண் முன்பே ஒட்டிவைத்த விந்துப்பையைத் தாங்கியிருக்கும் பெண், கடலில் முட்டைகளை விடும்போதே அவை கருவுறுகின்றன. ஒரு நாளுக்குள் நாப்ளியஸ் பொரிந்து வெளிவரும். அது இரை தேடாது, கருவுணவிலேயே வாழும். அடுத்த பருவமான புரோட்டோசோயா நுண்பாசிகளை உண்ணும். பிறகு மைசிஸ். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இறால் வடிவம் பெற்று, ஏற்றநீரோடு கழிக்குள் வரும். அங்கே வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். சேற்று நண்டின் பெண்ணும் முட்டைகளைப் பொரிக்க இவ்வழியே கடலுக்குப் போகிறது.

எண்ணூர்க் கழியின் கரையில் 1970இல் அனல்மின் நிலையமும், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் துறைமுகமும் வந்தன. குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கழியின் தரையில் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள்ளேயே வந்தது. வளர்ந்த நண்டு ஓரளவு விலகிப் போகலாம். நீரோட்டத்தின் போக்கில் மிதக்கும் இளவுயிரிக்கு அந்த வழியில்லை.

மணல் மேடிட்டு முகத்துவாரம் குறுகினால், இறால் குஞ்சு உள்ளே வருவதும் சினைப்பட்டது வெளியே போவதும் சேர்ந்தே தடைபடும். முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டுமென எண்ணூர் மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர்.