எல்ஐசி மாமாவும் 245 கம்பெனிகளும்

போன வாரம் ஊருக்குப் போனப்போ அப்பா பீரோவிலிருந்து ஒரு பழைய பாலிசி பத்திரத்தை எடுத்தார். நான் பிறந்த வருஷம் போட்டதாம்.

"ஆபீஸ்ல குரூப் இன்ஷூரன்ஸ் இருக்குப்பா, எனக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னேன்.

"வேலை போச்சுன்னா அதுவும் போயிடுமேடா"ன்னார். சாஃப்ட்வேர்காரனுக்கே பக் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டார் :-)

சரி, கதைக்கு வருவோம். 1818-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் தொடங்கினது ஐரோப்பியர்களுக்காக. பிற்பாடு நம்மாட்களைச் சேர்த்துக்கிட்ட கம்பெனிகளும் 'இந்திய உயிருக்கு ரிஸ்க் ஜாஸ்தி'ன்னு கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870-இல் வந்த பாம்பே மியூச்சுவல்தான் நமக்கும் சாதாரணக் கட்டணம்னு மாத்தியது.

அப்புறம் சுதேசி அலையில் புற்றீசல் மாதிரி கம்பெனிகள். சில நல்லா நடந்தன. சில திவாலாகி, கட்டினவங்க காசு கோவிந்தா! 1956 ஜனவரி 19 அவசரச் சட்டத்தில் அரசு 245 நிறுவனங்களைக் கையிலெடுத்தது. செப்டம்பர் 1-இல் எல்ஐசி பிறந்தது.

அரசு வந்தா எல்லாம் சுத்தமாயிடுமா? அடுத்த வருஷமே முந்த்ரா விவகாரம். பாலிசிதாரர் பணம் ஒரு கோடிக்கும் மேல் அந்த வியாபாரியின் கம்பெனிகளில் போனது. நாடாளுமன்றத்தில் போட்டுத் தாக்கியவர் ஆளுங்கட்சி எம்.பி. பெரோஸ் காந்தி. 1958-இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார்.

அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவருக்கு எல்ஐசின்னா தவணை தேதியை ஞாபகப்படுத்த டிவிஎஸ் 50-இல் வந்து, காபி குடிச்சுட்டுப் போன ஏஜெண்ட் மாமாதான். சட்டம் பாதி காப்பாத்தியிருக்கு, கேள்வி கேட்டவங்க மீதி.

நான் ஒரு டேர்ம் பாலிசி எடுக்கப் போறேன். நீங்க எடுத்தாச்சா மக்களே?